கழற்றி வைத்த வண்டி

போன மாதம் சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுப்பு. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில் இதற்கென்றே ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். சிமென்டில் செய்த அருவி, எந்த ஊரிலும் பார்த்திராத தெருவிளக்கு, நடுவில் அறுத்த பழைய கார், இறக்கை வரைந்த சுவர். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று, அப்போதுதான் முதல்முறை சந்தித்ததுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்ணின் கைப்பையையும் மாப்பிள்ளையின் செருப்பையும் காவல் காப்பது என் பொறுப்பு. என் வயதுக்கு அதுதான் கொடுப்பார்கள்.

மூன்றாவது தடவை உடை மாற்றியபிறகு இருவரையும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்கள். முன்சக்கரம் எங்கோ தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடி கைதூக்கி நிற்கும், உட்காரும் இடம் மட்டும் தரையோடு தாழ்ந்து கிடக்கும், அந்த வகை. சாப்பர் என்பார்கள். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் தெர்மாகோலில் செதுக்கி வெள்ளிப் பெயின்ட் அடித்த ஒன்றை வைத்திருந்தார்கள். வெயில் பட்டு அதன் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. "சார், காத்துல முடி பறக்குற மாதிரி சிரிங்க" என்றார் கேமராக்காரர். மாப்பிள்ளை அப்படியே சிரித்தான்.

நான் எழுந்து பக்கத்தில் போனேன். நகரச் சொன்னார்கள். நகர்வதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். ஹேண்டில் வந்து சேஸ் என்கிற அடிச்சட்டத்தில் இறங்கும் கழுத்துப் பகுதியில், இடது பக்கம், வெல்டிங் தழும்பு எறும்பு வரிசைபோலச் சீராக வந்து ஓர் இடத்தில் நின்று, அரைவிரல் தள்ளி மறுபடி தொடங்கியிருந்தது. மேலே எத்தனையோ தடவை பெயின்ட் அடித்தும் அது மறையவில்லை. அந்த இடத்தில் கரன்ட் போனது. அப்போது அந்தக் குழாய் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அந்த வண்டிக்கு ஒரு காலத்தில் நிஜமான இன்ஜின் இருந்தது. அது எங்கே போனது என்று சொல்ல வேண்டுமானால் என்னிலிருந்து தொடங்க வேண்டும். எதையும் தன்னிலிருந்து தொடங்குவது பத்திரிகைக்காரன் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் உதவி ஆசிரியன். பெயர்தான் பெரிது. காவல் நிலையங்களிலிருந்து வரும் தகவல்களை நாலு வரிக்குள் அடக்குவதுதான் வேலை. தலைப்புகள் ஏற்கெனவே தயாராக இருக்கும். லாரி மோதினால் 'பலி', கிணற்றில் விழுந்தால் 'சாவு', ஆளைக் காணவில்லை என்றால் 'மாயம்'. வாலிபர் மாயம், மாணவி மாயம், மூதாட்டி மாயம். ஒரே பக்கத்தில் இரண்டு மாயம் வந்தால் ஒன்றை 'எங்கே?' என்று மாற்றுவேன். அதை ஒரு நுட்பம் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

அப்படி நான் எழுதிய ஒரு 'வாலிபர் மாயம்' வெளியான அன்று காலை, நடுவயதைத் தாண்டிய ஓர் அம்மா, மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். கையில் அன்றைய பேப்பர். சத்தம் போடவில்லை.

"என் மகன் மாயமாகல. வேலைக்குப் போயிருக்கான். மாத்திப் போடுங்க."

என்னவென்று மாற்றிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அந்த அம்மாவின் பெயர் லூர்தம்மாள். கூட வந்தவன் அருள், நூல் மில்லில் ஃபிட்டர். காணாமல் போனவன் இளையவன் சேவியர். வீட்டில் சேவி.

சேவிக்கு விதைக் கம்பெனி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போய்வரும் வேலை. ஒருநாள் காலை கிளம்பிப் போனவன் திரும்பவில்லை. சாணார்பட்டி தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் அவனுடைய புல்லட் சென்டர் ஸ்டாண்டு போட்டு நின்றது. சாவி அதிலேயே இருந்தது. விதைப் பாக்கெட்டுகள் பையோடு இருந்தன. பக்கவாட்டுப் பெட்டிக்குள் டிபன் பாக்ஸ், சாப்பிட்டு, கழுவி, துடைத்து மூடி வைத்தபடி இருந்தது. கண்மாயில் தண்ணீர் கிடையாது. சுற்றியிருந்த கிணறுகளில் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். கடன் இல்லை, காதல் இல்லை, சண்டை இல்லை. இதையெல்லாம் நான் அப்போதே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நாலு வரிக்குள் டிபன் பாக்ஸுக்கு இடமில்லை.

சில மாதம் கழித்து நாகல் நகரில் வீடு தேடி அலைந்தபோது 'மாடி வாடகைக்கு' என்ற அட்டையைப் பார்த்து ஒரு கதவைத் தட்டினேன். திறந்தது அதே அம்மா. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, முன்பணம்கூடப் பேசாமல் சாவியைக் கொடுத்தார். "சேதி எதுனாலும் மொதல்ல உங்க ஆபீசுக்குத்தான வரும் தம்பி" என்றார். அதற்காகத்தான் வீடு கிடைத்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நான் படியேறும்போது சமையலறைக் கதவு ஒரு விரல்கடை திறக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் ஏறினால் மூடிக்கொள்ளும்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த புல்லட் வாசலில் நின்றது. கண்மாய்க்கரையில் நின்ற மாதிரியே, ஹேண்டில் லேசாக இடது பக்கம் திரும்பி. அம்மா தினமும் காலையில் அதை ஈரத்துணியால் துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது.

அருளுக்கும் எனக்கும் பழக்கமானது மொட்டை மாடியில். அவன் ஷிப்டு முடிந்து வந்து உட்காருவான். ஒருநாள் என்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டு சாப்பர் வண்டிகளின் படங்களைக் கலரில் பிரின்ட் எடுத்துக்கொண்டான். படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் காரணம்.

"வண்டி நின்னுக்கிட்டே இருக்குண்ணே. மில்லுல இருந்து வாரப்ப தெருமுக்குல திரும்புனா மொதல்ல அதுதான் தெரியும். தெனமும் ஒரு செகண்டு, வந்துட்டான்னு நெனச்சுப்புடுறேன். அந்த ஒரு செகண்டத்தான் தாங்க முடியல."

அதனால் அதை வேறு உருவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பார்த்தால் சேவியின் வண்டி என்று தோன்றக் கூடாது. விற்க அம்மா விடமாட்டார், மறைத்து வைக்கவும் விடமாட்டார். மாற்றிக் கட்ட விடுவாரா என்று கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"வெட்டுவியா?"

"வெட்டாம முடியாதும்மா."

"அப்ப வேணாம்."

அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். ஒரு வாரம் சென்று, குழம்பு ஊற்றிக்கொண்டே அவராகச் சொன்னார். "கழட்டு. வெட்டாத. வெட்டுனா வெட்டுனதுதான். கழட்டுனத மாட்டலாம். அவன் வந்து கேட்டா மாட்டிக் குடுக்கணும்ல."

சாப்பர் என்பது வெட்டித்தான் கட்ட வேண்டிய வண்டி. சேஸை வெட்டிக் கழுத்தைச் சாய்க்க வேண்டும், மட்கார்டை அறுக்க வேண்டும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை ஒட்டி நீட்ட வேண்டும். வெட்டாமல் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது இன்ஜினும் அதோடு ஒட்டிய கியர்பாக்ஸும் மட்டும்தான். மற்றதெல்லாம் புதிதாகச் செய்வது என்று அருள் இறங்கினான். குழாய் வாங்கி வளைத்தான். நீளமான ஃபோர்க் ராடுகளை மில் லேத்தில் சினேகிதனைக் கொண்டு கடைந்து வாங்கினான். நான் கூடமாட உதவினேன். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பதினான்கை எடுத்துக் கொடுப்பது, பெயின்டுக்கு முன் பூசும் பட்டியைத் தேய்க்கச் சொன்னால் அடியில் இருக்கும் தகரம் தெரியும்வரை தேய்ப்பது, இவைதான் என் பங்களிப்பு. எமரித் தாளின் வாசம், பட்டியில் கலக்கும் ஹார்டனரின் புளித்த நெடி, ரெட் ஆக்சைடு. இன்றைக்கும் கிரில் பட்டறை எதையாவது தாண்டிப் போனால் கை தானாகச் சட்டையில் துடைத்துக்கொள்கிறது.

கிரில் பட்டறை என்றதும் மாரியைச் சொல்லாமல் போக முடியாது. தெருக்கோடியில் ஜன்னல் கிராதி செய்கிறவர். வெல்டிங் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து ஒட்டித் தருவார். புது சேஸைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, வண்டியா கட்டுற, தென்னமரம் ஏற ஏணியா" என்று கேட்டார். கழுத்தை ஒட்டும்போது கரன்ட் போய், வரும்வரை உட்கார்ந்து எங்களோடு கதை அளந்துகொண்டிருந்தார். இன்ஜின் யாருடையது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கரன்ட் வந்தபிறகும் வெல்டிங் ராடைக் கையில் எடுக்கவில்லை. இன்ஜின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தால்தான் தொடுவேன் என்றார்.

"நாங்க வேதக்காரவுகண்ணே" என்றான் அருள்.

"வேதக்காரன் வண்டின்னா மட்டும் காத்து கருப்பு அண்டாதாக்கும்."

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அண்டணும்னாலும் மொதல்ல ஆளு செத்துருக்கணும்ல மாரி."

மாரி ராடைப் பிடித்தார். விட்ட இடத்திலிருந்து அரைவிரல் தள்ளித்தான் அவர் கை போய் நின்றது.

பழைய வண்டியிலிருந்து அருள் ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார். டேங்க், சீட், மட்கார்டு, சைலன்சர், சக்கரங்கள், கடைசியில் வெறும் சேஸ். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பின்னறைக்குள் கொண்டுபோய் வைப்பார். சாக்கில் கட்டிப் போட்டிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். பார்க்கவில்லை.

இன்ஜினைப் புது சேஸில் ஏற்றி முதல்முதலாக உதைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. வெகுநேரம் வெறும் கிக்கர் சத்தம்தான். பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத திறந்த குழாய், தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. அருள் கார்பரேட்டர் திருகை மெல்ல மெல்லத் தளர்த்தினான். சத்தம் இறங்கி, இறங்கி, ஓர் இடத்தில் நிதானமானது. இரண்டு அடி, ஒரு தயக்கம், மறுபடி இரண்டு அடி. அருள் கையை எடுத்துவிட்டான். குழாய் வேறு, சேஸ் வேறு, எல்லாம் வேறு. நடை மட்டும் பழசு. அதை நான் முன்பு கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கைகழுவி உள்ளே போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அங்கேதான் சாப்பாடு. வழக்கமாகத் தரையில் எங்கள் இருவருக்கும் தட்டு இருக்கும். அன்று மூன்று இருந்தது. மூன்றிலும் சோறு, மூன்றிலும் கறிக்குழம்பு. அம்மா மூன்றாவது தட்டின் எதிரில் அகப்பையோடு உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குனிந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து எழும்போது அவர் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்து, "ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சோற்றை மறுபடி சட்டிக்குள் தள்ளினார்.

மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் பின்னறையில் இருந்தது. போடுவதும் அணைப்பதும் அம்மாதான். அந்த வாரம் ஒருநாள் தண்ணீர் தீர்ந்தது, அம்மா கடைக்குப் போயிருந்தார், கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. நான் போனேன். நல்ல பகல். ஜன்னல் வழியாக வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது.

சாக்கு எதுவும் இல்லை. வண்டி தரையில் படுத்திருந்தது. கழற்றிய அத்தனை பாகமும் அதனதன் இடத்தில். முன்சக்கரம், அதைத் தொட்டு ஃபோர்க், ஹேண்டில், அது லேசாக இடது பக்கம் திரும்பி, பிறகு டேங்க், சீட், பின்சக்கரம். ஒவ்வொன்றின் கீழும் சேவியின் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தார். ஆட்கள் ஒருக்களித்துத் தூங்குவார்களே, அந்த வாக்கில் இருந்தது. நடுவில் இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, சுத்தமாகப் பெருக்கியிருந்தார்.

அந்தக் காலி இடத்தின் நடுவே சிமென்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை இருந்தது. குனிந்து தொட்டேன். ஈரம்.

"எல்லாம் சரியா இருக்கா பாருங்க தம்பி." அம்மா காய்கறிப் பையோடு பின்னால் நின்றார். கோபமில்லை. "அந்தப் பின்சக்கரத்துக்கிட்ட வாரதுதான் எனக்கு அடிக்கடி மறந்துபோகுது."

எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுவிட்சைப் போடாமலே மாடிக்குப் போய்விட்டேன்.

அருளிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. அவனும் பார்த்திருந்தான், என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான். ஆயிலைக் கேட்டேன். சேஸ் குழாய்க்குள் தங்கியது மெதுவாக இறங்கும், அதற்கு நாள் கணக்கு கிடையாது என்றான். ஒத்துக்கொள்ளக்கூடிய விளக்கம்தான். துடைத்துவிட்டு வந்தான். அடுத்த வாரமும் துடைத்தான். பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

சாப்பர் முடிந்தது. கறுப்பு பெயின்ட், நிலக்கடலை வடிவத்தில் சின்ன டேங்க். சட்டப்படி அது எந்த வகையிலும் சேராது என்பதால் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோவது குறைவு. சாயங்காலங்களில் ஊருக்கு வெளியே பூக்காட்டுப் பாதைகளில் ஓட்டுவான். செவ்வந்தி பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் உட்கார இடமில்லாத வண்டி. நான் சைக்கிளில் கூடவே போய் மூச்சுவாங்குவேன். வண்டியைச் சந்துக்குள் நிறுத்த ஆரம்பித்தான். "இப்ப தெருமுக்குல திரும்புனா வெறும் வாசல்தாண்ணே தெரியுது" என்றான். அவன் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்தது அந்த மழைக்காலம் ஒன்றுதான்.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் தொடக்கத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். லூர்தம்மாள் சேவி போன பிறகு அங்கே கால் வைக்கவில்லை. கணவரின் கல்லறைக்கும் அருள்தான் போய்வந்தான். அங்கே போனால் யாராவது, சின்னவனுக்கும் ஒரு வத்தி ஏற்றலாமே என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. வத்தி ஏற்றிவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான்.

அந்த வருடம் அந்த வாரத்தில், நானும் அருளும் சந்தில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வந்து நின்றார்.

"அருளு, எஞ்சின எப்ப எறக்குவ?"

"எதுக்கும்மா?"

"கொறையா அடக்கம் பண்ணக் கூடாது."

எண்ணெய் டப்பா அருளின் கையில் சாய்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தது. அம்மா விளக்கினார், சந்தைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில். பின்னறையில் படுத்திருப்பதைத் தினமும் பார்க்கிறார். ஆரம்பத்தில் வண்டியாகத்தான் தெரிந்ததாம். இப்போது அப்படித் தெரியவில்லையாம். இனிமேலும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது.

மாற்றிக் கட்டினால் மறந்துவிடலாம் என்று நினைத்தவன் அருள். கழற்றியதை மாட்டலாம் என்று நினைத்தவர் அம்மா. அன்று மாடிக்கு வந்து உட்கார்ந்த அருள் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். வண்டி போகிறதே என்று வருத்தம் என்றுதான் நான் நினைத்தேன்.

"அது போனா போகுதுண்ணே. எறக்கிக் குடுத்துட்டா, அவன் செத்துட்டான்னு நானும் கையெழுத்துப் போட்ட மாதிரில்ல. அம்மா சொல்றவரைக்கும் நான் சொல்ல வேண்டியது இல்லாம இருந்துச்சு." பிறகு, "நீங்க என்ன சொல்றீக?" என்றான்.

இரண்டு பக்கத்தையும் கேட்டு எழுதிவிட்டு முடிவை வாசகருக்கு விட்டுவிடுவது என் தொழில். அதைத்தான் அன்றும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் இன்ஜினை இறக்கினான். பின்னறையில் பழைய சேஸை எழுப்பி நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். ஒரு நட்டும் மிஞ்சவில்லை. ஒன்றும் வெட்டுப்படவில்லை. சாயங்காலத்துக்குள் சேவியின் புல்லட் முழுதாக நின்றது. அம்மா அதன் மேல் சட்டைகளைப் போர்த்தினார்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். மறுநாள், குட்டி யானை என்று நாம் சொல்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். பங்குச் சாமியாருக்குச் சொல்லவில்லை, சொன்னால் ஒத்துக்கொள்ளப் போகிறவர் இல்லை. மாரி இரண்டு ஆட்களோடு முன்னாலேயே போய்க் குழி வெட்டியிருந்தார். மேலே செம்மண், முழங்கால் ஆழத்துக்குக் கீழே வெள்ளைச் சுக்கான் பாறை. அதைக் கடப்பாரையால் உடைத்திருந்தார்கள். உச்சி வெயில். சுற்றிலும் ஆள் இல்லை, காக்கைகூட இல்லை. கயிறு கட்டி இறக்கினோம். ஒருக்களித்துப் படுத்தது.

சாவியை எடுக்கப் போன அருளின் கையை அம்மா தட்டிவிட்டார்.

"கொஞ்சம் பெட்ரோல் ஊத்திவிடு."

"எதுக்கும்மா?"

"வழிக்கு."

லோடு வண்டிக்காரர் தன் டூவீலருக்காகப் பாட்டிலில் வைத்திருந்ததை வாங்கி ஊற்றினான். அம்மா செத்தவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தைச் சொன்னார், சேவியரின் பெயரை அதில் முதல்முதலாகச் சேர்த்து. நாங்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டோம். மாரியும் போட்டார், அவர் முறைப்படி மூன்று தடவை, திரும்பி நின்று. மெழுகுவத்தி வெயிலில் எரிவது தெரியவில்லை. வளைந்துகொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தன. நான் படியேறும்போது சமையலறைக் கதவு திறப்பது நின்றது. பின்னறையில் கறை வரவில்லை. அருளுக்குக் கல்யாணமானது. சாப்பரின் எலும்புக்கூடு சந்தில் சுவரில் சாய்ந்து நின்றது. வேறு இன்ஜின் வாங்கி வைக்கலாமே என்று நான் சொன்னதுண்டு, அவன் வைக்கவில்லை. பிள்ளைகள் அதில் ஏறி வாயால் ஓட்டினார்கள். பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. அருள் அதை யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கல்லறைத் திருநாள்தோறும் அம்மாவும் அவனும் முதலில் கல்லறைத் தோட்டம், அப்புறம் நிலம் என்று இரண்டு இடத்திலும் வத்தி ஏற்றினார்கள். சில வருடங்கள் நானும் போனேன். துக்கம் என்பது ஓர் இடத்துக்குப் போய்வருகிற காரியமாக ஆகிவிட்டால், மனிதர்கள் அதைச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடக் கோடையில் அந்த நிலம் பிளாட் போடக் கைமாறியது. ஒப்படைக்கும் முன் வண்டியை எடுத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எங்காவது வைத்துவிடலாம் என்று அருள் என்னையும் கூப்பிட்டான். ஜேசிபி வந்தது. இடத்தில் சந்தேகமில்லை. அம்மா ஊன்றிய கல் சிலுவை இருந்தது. செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் உடைந்த விளிம்பு, மாரி கடப்பாரை போட்ட அதே அளவில், அன்றைக்கு வெட்டியதுபோலத் தெரிந்தது. உடைத்த சுக்கான் மறுபடி ஒட்டாது. குழி அதுதான். குழிக்குள் மண் மட்டும் இருந்தது.

அடித்தட்டு வரைக்கும் தோண்டினார்கள். ஓட்டுகிறவர், "என்ன புதைச்சீக, பொணமா புதையலா" என்றார். வண்டியை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். பழைய இரும்புக்காக எவனோ எடுத்திருப்பான் என்றேன். காட்டு மோட்டாரையே கழற்றிக்கொண்டு போகிற ஊர், நியாயமான காரணம். அருள் தலையாட்டினான். ஆனால் நான் குழிக்குள் இறங்கி, மண்ணை விரலால் அளைந்துகொண்டிருந்தேன். துணி மக்கிப்போகும். சட்டைப் பித்தான் பிளாஸ்டிக், மக்காது. அத்தனை சட்டைகள். இரும்புத் திருடன் பித்தான்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, குழியை மூடி, சிலுவையைத் திரும்ப நட்டுவிட்டுப் போக வேண்டிய அவசியமில்லை. ஒரு பித்தான்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது அருள். மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அவர் முகத்தைப் பார்த்ததும் அவனால் முடியவில்லை. அவருக்கு இப்போது காது சரியில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. 

"வண்டித் தடம் இருந்துச்சா?"

"இத்தன வருசத்துல மழ பேஞ்சிருக்கும்ல."

"ஆமா. பேஞ்சிருக்கும்." பிறகு சொன்னார். "சரி. வரட்டும்."

மாரியின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மாரி இல்லை. பிரவுசிங் சென்டர்கள் ஊரிலேயே இல்லை. நான் வேலை பார்த்த மாவட்டப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். நிலத்தில் பிளாட்டுக் கல் நட்டாயிற்று, சிலுவை எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இவையெல்லாம் போனவை. போயின என்று தயக்கமில்லாமல் எழுதலாம்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அருளின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவருக்கு ஒரு வத்தி மட்டும் வாங்கிவரச் சொன்னார் அம்மா. இன்னொன்று வேண்டாமா என்று அருள் கேட்பான் என்று பார்த்தேன். அவன் கேட்கவில்லை.